துறையும் கால்வாயும் தெருவும்: புத்தளக் கரையின் போக்குவரத்து வரலாறு

கற்பிட்டிக் குடாநாட்டின் ஊர்ப்பெயர்களுள் பள்ளிவாசல்துறை என்பதும் ஒன்று. தொழுகைக்குரிய இடமும் தோணி கட்டும் இடமும் ஒருங்கு சேர்ந்து ஓர் ஊருக்குப் பெயராயின. மேற்கே கடலும் கிழக்கே புத்தளம் களப்பும் சூழ, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்தில் வாழ்ந்த மக்களுக்கு நீரே பெருவழியாக இருந்தது என்பதற்கு இப்பெயரைவிட வேறு சான்று தேடவேண்டியதில்லை. இன்றோ அவ்வூருக்குச் செல்பவர் பாலாவியிலிருந்து கற்பிட்டி நோக்கிச் செல்லும் தெருவால், நுரைச்சோலை, மாம்புரி முதலிய ஊர்களைக் கடந்து பஸ் வண்டியிலோ லொறியிலோ செல்கின்றார். பெயர் ஒரு காலத்துக்குரியது. பயணம் வேறொரு காலத்துக்குரியது. இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்த மாற்றம் தானாக நிகழ்ந்ததன்று. ஒவ்வொரு கட்டத்திலும் எவரோ ஒருவர் திட்டமிட்டார். எவரோ ஒருவர் பணம் ஒதுக்கினார் அல்லது ஒதுக்க மறுத்தார். எவரோ ஒருவர் மண் வெட்டினார்.

நகரப் போக்குவரத்தை நிலைபேறானதாக அமைத்தல் என்பது அண்மைக்காலத்தில் அடிக்கடி கேட்கப்படும் தொடராகும். 1987ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழுவொன்று வெளியிட்ட அறிக்கையின் பின்னரே நிலைபேறு என்னும் கருத்து உலகெங்கும் பெருவழக்குப் பெற்றது. எனினும் சொல் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. எரிபொருளைக் குறைவாகச் செலவிட்டு, நிலத்தையும் நீரையும் கெடுக்காது, வறியவரும் பயன்கொள்ளும் வகையில் மக்களையும் பண்டங்களையும் கொண்டுசெல்லும் வழி எது என்னும் வினா, கொழும்பு நகரையும் அதற்கு உப்பும் கொப்பறாவும் மீனும் அனுப்பிய வடமேற்குக் கரையையும் பொறுத்தவரை மூன்று நூற்றாண்டுகளாகவே விடை காணப்பட்டும் கைவிடப்பட்டும் வந்துள்ளது. நகரப் போக்குவரத்தை நகர எல்லையோடு நிறுத்திக்கொண்டு ஆராய்வோர் பாதியையே காண்கின்றனர். நகரம் உண்பது வேறோரிடத்திலிருந்து வருகின்றது; நகரம் கழிப்பதும் வேறோரிடத்துக்கே செல்கின்றது.

கி.பி. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட அறபுப் பயணி இப்னு பதூதா 'பத்தாலா' என்று குறிப்பிடும் துறையில் வந்திறங்கினார். அதனைப் புத்தளம் என்றே ஆய்வாளர் பெரும்பாலும் கொள்வர். ஆங்கு அவர் கண்டது ஆரியச்சக்கரவர்த்தியையும், ஆற்று வெள்ளம் அடித்துவந்து கரையிற் குவித்திருந்த கறுவா மரங்களையுமாகும். மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வந்தோர் அரசனுக்குத் துணியும் அதுபோன்ற பிறவும் கையுறையாகக் கொடுத்து அம்மரங்களை விலையின்றி ஏற்றிச் சென்றனர் என்று அவர் எழுதுகின்றார். இக்குறிப்பில் வணிக வரலாற்றாசிரியர் கறுவாவைக் காண்பர். போக்குவரத்தை நோக்குபவர் காணவேண்டியது ஆற்றை. உள்நாட்டு விளைபொருளைக் கரைக்குக் கொணர்ந்தது மழைக்கால வெள்ளம். கரையிலிருந்து அக்கரைக்குக் கொண்டுசென்றது பருவக் காற்று. இரண்டுக்கும் கூலி இல்லை. ஆயின் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. இக்காத்திருத்தலை ஒழிக்க முயன்றதே பிற்காலப் போக்குவரத்து வரலாறு முழுவதும் எனலாம்.

கண்டி அரசுக்குப் புத்தளமும் கற்பிட்டியும் வெளியுலக வாயில்களாக விளங்கின. அவ்வாயிலை அடைத்தாலன்றிக் கண்டியைப் பணியவைத்தல் அரிது என்பதை உணர்ந்த ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியிற் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் நிறைவு செய்தனர். களப்பின் வாயிலில் நின்று காவல் செய்யும் இக்கோட்டை, போக்குவரத்து வழியொன்றைத் திறப்பதற்கன்றிக் கட்டுப்படுத்துவதற்காகவே எழுந்தது. திட்டமிடுவோர் பலரும் மறந்துவிடும் உண்மை இது. வழி என்பது செல்வதற்கு மட்டுமன்று. எவர் செல்லலாம், எவர் செல்லலாகாது என்று வகுப்பதற்கும் ஆகும்.

அதே ஒல்லாந்தர்தாம் கொழும்புக்கும் புத்தளத்துக்கும் இடைப்பட்ட உள்நாட்டு நீர்வழியையும் ஒழுங்குபடுத்தினர். கரையோரமாக இயற்கையில் அமைந்திருந்த நீர்கொழும்புக் களப்பு, சிலாபத்துக் களப்பு, முந்தல் ஏரி, புத்தளம் களப்பு என்பவற்றை வெட்டுவாய்க்கால்களால் இணைத்தமையே அவர்களது வேலையின் சாரம். முழுவதையும் வெட்டவில்லை; இயற்கை விட்ட இடைவெளிகளை மட்டும் வெட்டினர். தம் நாட்டிற் கால்வாய்களோடு பழகியவர்களாதலால், உள்ள நீரை முதலிற் பயன்படுத்துதல் என்னும் சிக்கனம் அவர்களுக்கு இயல்பாயிற்று. பிரித்தானியர் இக்கரையைக் கைப்பற்றிய பின்னர், களனி கங்கைக்கும் நீர்கொழும்புக்கும் இடையே 1802 முதல் 1804 வரையான காலத்தில் புதிய கால்வாயொன்றை வெட்டினர். வருமானத்துக்கும் வணிகத்துக்கும் பொறுப்பாயிருந்த கவின் ஹமில்ட்டன் என்பாரின் பெயரால் அது ஹமில்ட்டன் கால்வாய் எனப்பட்டது. இவ்வாறு புத்தளத்தில் ஏற்றிய உப்பு, கடலைக் காணாமலே களனி முகத்தை அடைந்து, அங்கிருந்து கொழும்பின் உட்கால்வாய்கள் வழியாகப் பேரை வாவி வரையும் செல்ல முடிந்தது. ஏறத்தாழ எண்பது மைல் நீளமான நீர்ப்பாதை அது.

அந்நீர்வழியின் இயக்கம் சற்று விரித்துரைக்கத் தக்கது. தட்டையான அடியும் ஓலையால் வேய்ந்த கூரையும் உடைய பாரப் படகுகள் அதில் ஓடின. ஆழமற்ற இடங்களிற் கோலூன்றியும், கரைப்பக்கமாகக் கயிறு கட்டி இழுத்தும், களப்பின் திறந்த பரப்பில் காற்று வாய்த்தபோது பாய் விரித்தும் அவற்றைச் செலுத்தினர். ஒரு சோடி மாடுகள் மணல் வழியிற் சிரமப்பட்டு இழுக்கும் வண்டிச் சுமையைப் போலப் பன்மடங்கு சுமையை, நீரில் மிதக்கும் படகில் இரண்டு மூன்று ஆட்கள் கொண்டுசெல்வர். நீரின்மேல் உராய்வு குறைவு என்பதே காரணம். உப்பு, கொப்பறா, கருவாடு, தும்பு, விறகு என்பன தெற்கே சென்றன. அரிசியும் துணியும் பிற பண்டங்களும் வடக்கே வந்தன. இவற்றுள் எதுவும் அவசரப் பண்டமன்று. மெதுவாகச் செல்லக்கூடியவற்றை மெதுவான, மலிவான வழியால் அனுப்புதல் என்பது இன்றைய திட்டமிடற் பாடநூல்கள் வலியுறுத்தும் கொள்கை. படகோட்டிகள் எப்பாடநூலையும் படித்தறியாமலே அதனைக் கையாண்டனர்.

ஆயினும் நீர்வழியைப் பொற்காலமாகப் புனைந்துரைத்தல் தகாது. கால்வாய்கள் கடல்நீரை உள்நாட்டுக்குள் கொணர்ந்தன. முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் வயல்கள் உவரேறிப் பாழானமைக்குக் கால்வாய் வெட்டியமையே காரணம் என்று கூறப்படுவதுண்டு. கோடையில் நீர் வற்றியது; மழையில் கரை இடிந்தது; மணலும் பாசியும் நாள்தோறும் அடைத்தன. கால்வாய் என்பது ஒருமுறை வெட்டி முடிப்பதன்று, வெட்டிக்கொண்டே இருப்பது. இங்கேதான் உண்மையான இடர் எழுந்தது. அவ்வேலையை யார் செய்வது?

கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை பற்றிய ஆங்கில அகராதி நூலில் தம் கரையோர ஊர்களையும் இடம்பெறச் செய்தார். 'தமிழ் புளூராக்' என்னும் புலவர் வரலாற்று நூலால் இன்று தமிழ் மாணவர் அறியும் இவர், புத்தளத்தில் மணியகாரராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்தவர். அவரது நூல் வெளிவருவதற்கு ஈராண்டு முன்னர், அஃதாவது 1832இல், கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைகளை அடுத்து இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிக்கப்பட்டது. மனிதப் பண்பு நோக்கில் வரவேற்கத்தக்க அச்சீர்திருத்தம், தெருவையும் வாய்க்காலையும் பேணும் கைகளைத் திட்டமிடுவோரிடமிருந்து அகற்றியும் விட்டது. தோமஸ் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகள் மலைநாட்டுக்குத் தெருக்கள் அமைத்து, கோப்பித் தோட்டங்களுக்கு வழி திறந்த காலமும் அதுவே. தோட்டத் தெருக்களின் தேவை பெருகப் பெருக ஆட்பஞ்சம் உறைத்தது.

அதற்குக் காணப்பட்ட தீர்வு 1848ஆம் ஆண்டின் தெருச் சட்டமாகும். பதினெட்டு வயது முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்தல் வேண்டும், அன்றேல் பணம் செலுத்துதல் வேண்டும் என்று அது விதித்தது. கூலி கொடுத்து ஆள் வைக்கும் வசதியுள்ள தோட்ட முதலாளிக்குத் தெரு. அத்தெருவிற் சுமை ஏற்றி அனுப்ப எதுவுமற்ற குடியானவனுக்கு வேலை. அவ்வாண்டு மாத்தளையிலும் குருநாகலிலும் வெடித்த கிளர்ச்சிக்கு இவ்வரியும் ஒரு காரணம் என்பதை வரலாற்று மாணவர் அறிவர். தலைவரியாக நீடித்த இச்சுமை, பல்லாண்டுகள் கழித்து ஏ. ஈ. குணசிங்க முதலியோர் நடத்திய இயக்கத்தின் பின்னரே நீங்கியது. போக்குவரத்துக்கு யார் பணம் கொடுப்பது, யார் பயன்கொள்வது என்னும் வினா இந்நாட்டில் இரத்தம் சிந்திக் கேட்கப்பட்ட வினாவாகும். அதனை வெறும் கணக்கு வினாவாகக் கருதும் திட்டங்கள் மக்களிடம் தோற்றமைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இருப்புப்பாதையின் வருகை நீர்வழியின் விதியை முடிவு செய்தது. 1865இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரையும், 1867இல் கண்டி வரையும் புகைவண்டி ஓடியது. அதன் நோக்கம் கோப்பி. 1905இல் வடபாதை யாழ்ப்பாணத்தை இணைத்தது; அது அனுராதபுரம் வழியாக உள்நாட்டால் சென்றது. வடமேற்குக் கரை காத்திருந்தது. 1909இல் நீர்கொழும்புக்கும், 1916இல் சிலாபத்துக்கும், 1926இல் புத்தளத்துக்கும் பாதை வந்து சேர்ந்தது. அஃதாவது, ஏறத்தாழ 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள புத்தளத்தை அடைய, கண்டிப் பாதை திறந்ததிலிருந்து அறுபது ஆண்டுகள் சென்றன. அதற்குள் மோட்டார் லொறியும் பஸ் வண்டியும் தெருவில் ஓடத் தொடங்கிவிட்டன. கால்வாய்க்கும் தெருவுக்கும் சமாந்தரமாக, இரண்டுக்கும் சில நூறு யார் தொலைவிலேயே பல இடங்களில் செல்லும் இப்பாதை, கால்வாயின் சுமையைப் பறித்துக்கொண்டது. தன் சுமையை லொறியிடம் பறிகொடுத்தது. மூன்று வழிகளையும் ஒன்றுக்கொன்று துணையாக அமைக்க முடியாதிருந்ததா எனின், முடிந்திருக்கும். ஆயின் கால்வாய், இருப்புப்பாதை, தெரு என்பன வெவ்வேறு கைகளில் இருந்தன. ஒவ்வொருவரும் தத்தம் வழிக்கே வாதாடினர். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் கண் எவருக்கும் பணியாக விதிக்கப்பட்டிருக்கவில்லை.

தமிழகத்திலும் இதே கதை நிகழ்ந்தது. 1806இல் கொக்கிரேன் கால்வாய் எனச் சென்னைக்கு வடக்கே தொடங்கிப் படிப்படியாக நீண்டது பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 1878 வரையான பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. வடக்கே பெத்தகஞ்சம் முதல் தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீற்றர் நீளத்துக்கு உப்பும் விறகும் நெல்லும் அதில் மிதந்தன. பின்னர் இருப்புப்பாதையும் லொறியும் அதனை வென்றன. புயல் அடித்த இடங்கள் திருத்தப்படாது விடப்பட்டன. நகரின் கழிவுநீர் அதிற் கலந்தது. 1990களில் சென்னையின் பறக்கும் புகைவண்டிப் பாதைக்குத் தூண் நாட்ட இடம் தேடியவர்கள் அக்கால்வாயின் படுக்கையையே கண்டனர். நிலம் வாங்கும் செலவு மிச்சமாயிற்று. நகரப் போக்குவரத்தின் நெருக்கடியைத் தீர்க்க எழுந்த திட்டமொன்று, நகரப் போக்குவரத்து வழியாகவே இருந்த ஒன்றின்மேல் கால் ஊன்றி நின்றது. திட்டமிட்ட பொறியியலாளரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் வீடுகளை இடிக்காது, வழக்குகளிற் சிக்காது, ஒதுக்கப்பட்ட பணத்துக்குள் பாதை அமைக்கவேண்டிய ஒருவருக்கு வேறு எவ்விடம் எஞ்சியிருந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கொழும்பினுள் நிகழ்ந்தவையும் இதனின்று வேறானவையல்ல. சென்னையில் 1895இல் மின்சார ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது, கொழும்பில் 1899இல். கோட்டையிலிருந்து கிராண்ட்பாசுக்கும் பொறளைக்கும் தண்டவாளங்கள் சென்றன. 1929ஆம் ஆண்டின் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம், தலைவரிக்கு எதிராகப் போராடிய அதே குணசிங்கவின் தலைமையில் நிகழ்ந்து, மருதானையில் துப்பாக்கிச் சூட்டிலும் உயிரிழப்பிலும் முடிந்தது. 1944இல் மாநகர சபை ட்ராம் சேவையைத் தன் பொறுப்பில் ஏற்றது. 1953இல் ட்ரொலி பஸ்கள் வந்தன. அதே ஆண்டில் சென்னையில் ட்ராம் நின்றது. கொழும்பில் 1960இல் ட்ராமும் 1964இல் ட்ரொலி பஸ்ஸும் மறைந்தன. புகையற்ற, ஓசை குறைந்த மின்சார வண்டிகளை நகரங்கள் பின்னர்ப் பெருஞ்செலவில் மீண்டும் தேடும் என்பதை அன்று எவர் அறிந்தார்? பழுதடைந்த தண்டவாளமும் நட்டக் கணக்குமே சபை உறுப்பினரின் கண்முன் நின்றன.

பஸ் சேவையின் வரலாறு இன்னும் சிக்கலானது. தனியார் கம்பனிகளின் கையிலிருந்த அச்சேவையை 1948இல் இரத்தினமும், 1954இல் சன்சோனியும், 1956இல் ஜயரத்ன பெரேராவும் ஒருவர்பின் ஒருவராக ஆய்ந்து அறிக்கை கொடுத்தனர். 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அது தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. முதலறிக்கைக்கும் செயலுக்கும் இடையே பத்தாண்டுகள். இலாபம் தராத கிராமத் தடங்களுக்கும் இறுதி நேரத்துக்கும் வண்டி ஓட்டவேண்டும் என்னும் கடப்பாடு அச்சபையாலேயே நிலைபெற்றது. புத்தளம், கற்பிட்டி போன்ற ஒதுக்குப்புறங்களுக்கு அது பேருதவி. ஆனால் அதே 1958இல், சிங்கள ஸ்ரீ எழுத்தைத் தாங்கிய இலக்கத்தகட்டோடு அச்சபையின் புதிய வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டமை தமிழரசுக் கட்சியின் எதிர்ப்பியக்கத்தைத் தூண்டியது. அதனைத் தொடர்ந்த மாதங்களில் நாடு கண்ட வன்செயல்கள் மறக்கற்பாலன அல்ல. மக்களை இணைப்பதற்கென வாங்கிய வண்டி மக்களைப் பிரித்தது. கால அட்டவணையும் தடவரைபடமும் செம்மையாயிருப்பினும், வண்டியின் நெற்றியில் எம்மொழி எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் திட்டமிடுவோர் புறக்கணித்தல் இயலாது.

1978இல் சபை பிரதேச சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் வண்டிகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. அன்று தொடக்கம் ஒரே தெருவில் இருவகை வண்டிகள் பயணியருக்காகப் போட்டியிட்டு ஓடலாயின. நாளொன்றுக்கு இவ்வளவு என்று உரிமையாளருக்குக் கட்டவேண்டிய சாரதி, தரிப்பிடத்திற் காத்து நிற்பதும் பின்னர் விரைந்தோடுவதும் அவனுடைய குணக்கேட்டினால் அன்று. வருமானம் அமைந்த முறையினால். இதனைச் சீர்செய்ய 1991இல் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2005இல் சபைகள் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. இருந்தும் பிரிவு நீங்கவில்லை. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸுக்கு மாகாண அதிகாரசபை, மாகாணம் விட்டு மாகாணம் செல்வதற்கு ஆணைக்குழு, புகைவண்டிக்குத் திணைக்களம், தெருவுக்கு வேறோர் அதிகாரசபை, நடைபாதைக்கு மாநகர சபை. ஒருவர் புத்தளத்திலிருந்து கொழும்பு மருத்துவமனைக்குச் செல்லும் ஒரே பயணம் இத்தனை கைகளிடையே பங்கிடப்பட்டுள்ளது.

கொழும்பின் இலேசு இருப்புப்பாதைத் திட்டம் இத்துறையினர் எதிர்நோக்கும் இடருக்கு அண்மைய உதாரணமாகும். 2014இல் யப்பானிய உதவியுடன் கொழும்புப் பெருநகரப் பிரதேசத்துக்கான போக்குவரத்துப் பெருந்திட்டம் ஆக்கப்பட்டது. அதில் ஒற்றைத் தண்டவாளப் பாதை முன்வைக்கப்பட்டது. அரசாங்கம் மாறிய பின், அதற்குப் பதிலாக மாலபேயிலிருந்து கோட்டை வரை 15.7 கிலோமீற்றர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட இலேசு இருப்புப்பாதை தெரிவாயிற்று. 2019 மார்ச்சில் யப்பானியக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. மீண்டும் அரசாங்கம் மாறியது. 2020 செப்ரெம்பரில், செலவுக்கேற்ற பயன் இல்லை என்று கூறித் திட்டம் நிறுத்தப்பட்டது. அதன் செலவு பற்றிய ஐயம் நியாயமானதாகவும் இருக்கலாம். ஆனால் பல்லாண்டு ஆய்வின் பயனாகிய ஒன்றை ஒரு கடிதத்தால் நிறுத்த முடிந்தமையே கவனத்துக்குரியது. பாதை அமைக்கப் பத்தாண்டு வேண்டும். தேர்தல் ஐந்தாண்டுக்கொருமுறை வரும். பொகோட்டா நகரம் 2000ஆம் ஆண்டில் பஸ்ஸுக்கென்றே தனித்தடம் ஒதுக்கிப் பெற்ற வெற்றியைக் கொழும்பில் எடுத்துக்காட்டாகக் கூறுவோர், அங்கு அதனைச் செய்த நகரபிதாவின் கையில் தெருவும் பஸ்ஸும் ஒருங்கே இருந்தன என்பதையும் சேர்த்துக் கூறுதல் நன்று.

புத்தளக் கரை இக்காலத்தில் தலைநகருக்கு வேறு பல வகைகளிற் பயன்படலாயிற்று. பாலாவியில் அமைந்த சீமெந்துத் தொழிற்சாலைக்கு அறுவக்காட்டிலிருந்து சுண்ணாம்புக்கல் கொண்டுவருவதற்கெனப் புத்தளத்துக்கு அப்பாலும் தண்டவாளம் இடப்பட்டது. பயணியர் காத்திருந்த காலத்தைவிடக் கல் காத்திருந்த காலம் குறைவு. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய நிலக்கரி மின்னிலையத்துக்கு வேண்டிய கரி, கப்பலில் வந்து ஆழ்கடலில் பாரப் படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரை சேர்கின்றது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அவ்வேலை நடவாது. ஆதலால் ஓராண்டுத் தேவையைக் கடல் அமைதியாயிருக்கும் மாதங்களிற் சேர்த்து வைக்கவேண்டியுள்ளது. இப்னு பதூதாவின் காலத்துக் காத்திருத்தல் முற்றாக நீங்கிவிடவில்லை.

1990 ஒற்றோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியதும் இம்மாவட்டத்திலேயாகும். மன்னார்க் கரையினர் பலர் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்தனர். தெரு அடைபட்டபோது பழைய நீர்வழி திறந்தது. அவர்கள் மீண்டும் மன்னாருக்குச் சென்றுவரும் காலம் வந்தபோது, எழுவன்குளம் வழியாக வில்பத்துவினூடே செல்லும் பழைய தெருவை 2010இல் திறந்தமை பெரும் விவாதமாயிற்று. 1938இல் தேசிய வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட காட்டினூடே பொதுத்தெரு ஆகாது என்று சூழல் அமைப்புகள் உயர்நீதிமன்றத்தை நாடின. அனுராதபுரமும் மதவாச்சியும் சுற்றிச் செல்லும் வழியின் நீளத்தையும் செலவையும் மக்கள் எடுத்துரைத்தனர். கலா ஓயா பெருகும்போது பாலத்தின்மேல் நீர் ஓடி அத்தெரு தானாகவே மூடிக்கொள்ளும் என்பது வேறு. இரு தரப்பினரும் நிலைபேறு என்ற சொல்லையே தமக்குச் சார்பாகக் கொள்ளக்கூடியவர்கள். காட்டைக் காத்தலும் நிலைபேறு. வேரறுக்கப்பட்டவர் தம் நிலத்தோடு தொடர்பு பேணுதலும் நிலைபேறு. இரண்டையும் நிறைவேற்றும் கடல்வழிப் பயணிகள் சேவையொன்று இவ்விவாதத்தில் உரிய இடம் பெறாமை, நீர்வழி பற்றிய நினைவு எவ்வளவு தேய்ந்துவிட்டது என்பதைக் காட்டும்.

2017 ஏப்ரல் 14ஆம் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் குப்பையை நாளொன்றுக்கு 1,200 தொன் அளவில் ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அறுவக்காட்டுக்குக் கொண்டுசெல்லும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகளே அதற்குத் தெரிவான இடம். ஏற்றிச் செல்லும் வழி புகைவண்டி என்று திட்டத்தில் எழுதப்பட்டது. புத்தளத்து மக்கள் 2018இல் இன, மத பேதமின்றித் தொடர்ச்சியாக எதிர்ப்புத் தெரிவித்தனர். 2019 ஓகஸ்டில் குப்பை வந்தபோது அது புகைவண்டியில் வரவில்லை, லொறியில் வந்தது. அதே ஆண்டு ஒற்றோபரில் அங்கு வெடிப்பொன்றும் நிகழ்ந்தது. உப்பையும் கொப்பறாவையும் மெல்ல ஏற்றிச் சென்ற அதே திசைவழியில், எதிர்முகமாக நகரின் கழிவு விரைந்து வந்தது. திட்ட வரைபடத்தில் இருப்புப்பாதையாக வரையப்பட்ட கோடு நடைமுறையிற் தெருவாக மாறுதல் இந்நாட்டுப் போக்குவரத்து வரலாற்றில் முதன்முறை நிகழ்ந்ததன்று.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி, இக்கரை எதன்மேல் நிற்கின்றது என்பதை வெளிப்படுத்தியது. சூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறவற்றுக்கு எரிபொருள் வழங்குதல் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டி, அரச வண்டி என்ற வேறுபாடின்றிப் பஸ்கள் குறைந்தன. கற்பிட்டி மணலில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் லொறிக்காகக் காத்திருந்தன. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகுகளையே நம்பியிருந்த மீனவர்களுட் பலர் படகுகளைக் கரையேற்றினர். களப்பில் துடுப்பு வலித்துச் செல்லக்கூடிய சிறு வள்ளக்காரர் மட்டும் வழமைபோற் சென்று வலை வீசினர். ஆனால் அவர்கள் பிடித்த மீனையும் கொழும்புக்குக் கொண்டுசெல்ல லொறிக்கு டீசல் இருக்கவில்லை. கால்வாய் ஓடிய இடங்களிற் பல தூர்ந்து புல் முளைத்திருந்தன. நீர்கொழும்புப் பகுதியில் எஞ்சிய ஹமில்ட்டன் கால்வாயின் கரைகளில், கடலுக்குச் செல்லாத படகுகள் நிரைநிரையாகக் கட்டப்பட்டுக் கிடந்தன.